எண் 214 ஒரு நியூரானா?

விளக்கை அணைத்துவிட்டு ஒலிபெருக்கியின் குமிழைத் திருகினால் முதலில் கேட்பது இரைச்சல்தான். தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஓயாத சரசரப்பு. எலெக்ட்ரோடை, அதாவது மின்துடிப்பை உணரும் மெல்லிய கம்பியை, விலங்கின் மூளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே போனால், ஏதோ ஓர் ஆழத்தில் அந்தச் சரசரப்புக்குள்ளிருந்து ஒன்று தனியாகத் தெறிக்கும். டப். சற்று விட்டு, டப் டப். காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற ஓசை. கையை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதன்முதலில் அதைக் கேட்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிரோடு விழித்திருக்கும் ஒரு மூளையில், கோடிக்கணக்கான செல்களில் ஒரே ஒரு செல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் சத்தம் அது.

அந்த ஓசைக்குப் பின்னால் இருப்பது நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், மின்துடிப்பு. எங்கள் வழக்கில் ஸ்பைக். செல்லுக்கு உள்ளே அளந்தால் சுமார் 100 மில்லிவோல்ட் எழும்பி, ஒரு மில்லிசெகண்டு அளவில் அடங்கிவிடும். நாங்கள் உள்ளே நுழைவதில்லை. வெளியே, பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்கிறோம். சுவருக்கு வெளியே வந்து சேர்வது 50 மைக்ரோவோல்ட் முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான். அதுவும் செல்லைவிட்டு 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) தள்ளிப் போனாலே மங்கத் தொடங்கும். 100 மைக்ரானைத் தாண்டினால் பெரும்பாலும் இரைச்சலில் கரைந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் எங்கள் காதுக்கு எட்டும் தூரம்.

இப்போது அந்த ஒலிபெருக்கி அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது. இன்றைய ஊசியிலிருந்து ஒரே நேரத்தில் வரும் 384 பதிவுத் தடங்களைக் காதால் கேட்க முடியாது. காலமும் மாறிவிட்டது. கருத்தரங்குகளில் யாராவது பேசி முடித்ததும் எழும் முதல் கேள்வி, "ஒரே நேரத்தில் எத்தனை நியூரான்கள்?" என்பதாக இருக்கிறது. பேசியவரும் ஒரு எண்ணைச் சொல்கிறார். அறை தலையாட்டுகிறது. அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பவர் குறைவு. இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருந்துவிட்டு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: எங்கள் கோப்புகளில் ‘ஒரு நியூரான்’ என்று இருப்பது ஒரு தீர்ப்பு. யாரோ ஒருவர், அல்லது ஒரு மென்பொருள், சாட்சியங்களைப் பார்த்து வழங்கிய தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது கவிழவும் கூடும்.

சரி, முதலில் இந்த விழித்திருக்கும் விலங்கு விவகாரம். மயக்கத்தில் ஆழ்ந்த விலங்கிடமிருந்து பதிவு செய்வது எவ்வளவோ எளிது. அது அசையாது, மெல்லாது, மூக்கை உறிஞ்சாது. எலெக்ட்ரோடு வைத்த இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும். பார்வை மண்டலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. டேவிட் ஹ்யூபெலும் டோர்ஸ்டன் வீசலும் மயக்கமூட்டிய பூனைகளின் பார்வைக் கார்டெக்ஸில் (கார்டெக்ஸ் என்பது மூளையின் மேலடுக்கு) காது வைத்திருந்தபோது, கரும்புள்ளி வரைந்த கண்ணாடித் தகட்டை ஒளிவீழ்த்தியில் செருகினார்கள். நியூரான் புள்ளியைக் கண்டுகொள்ளவில்லை. தகட்டின் விளிம்பு திரையில் நகர்ந்தபோது படபடவென்று பொரிந்தது. கோடுகளின் சாய்வுக்குப் பதிலளிக்கும் செல்கள் உண்டு என்று உலகம் அறிந்த கதை இது. 1981இல் நோபல் பரிசும் வந்தது.

ஆனால் அதே ஹ்யூபெல் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டங்ஸ்டன் கம்பியை மின்வேதி முறையில் அரித்துக் கூராக்கி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வார்னிஷ் பூசிய எலெக்ட்ரோடைப் பற்றி அவர் எழுதியது 1957இல். அதைக் கொண்டு அவர் கேட்டது கட்டிப்போடாத பூனைகளை. விழித்தும் தூங்கியும் தன்போக்கில் இருந்த பூனைகளை. அந்தக் கம்பி உருவானதே விழித்திருக்கும் மூளைக்காகத்தான். 1960களில் எட்வர்ட் எவார்ட்ஸ் பயிற்சி பெற்ற குரங்குகளின் இயக்கக் கார்டெக்ஸில் பதிவு செய்து, கை அசைவதற்கு முன்பே அங்குள்ள நியூரான்கள் துடிப்பதைக் காட்டினார். மயங்கிக் கிடக்கும் குரங்கிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. 1971இல் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் செல்களை, நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதியில் கண்டு எழுதினார்கள். எலி நடமாடியதால்தான் அது தெரியவந்தது.

மயக்க மருந்து மூளையின் ஒலியைக் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். 2010இல் கிறிஸ் நீலும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைத் துடைத்துவிட்டது. தலையைப் பொருத்தி, காற்றில் மிதக்கும் பந்தின் மேல் நிற்கவைத்த சுண்டெலிகள். நிற்கும்போதும் ஓடும்போதும் அதே படம்தான் கண்முன் காட்டப்படுகிறது. ஓடும்போது பார்வைக் கார்டெக்ஸின் பதில் இரு மடங்குக்கும் மேலே போனது. ஆனால் எந்தச் சாய்வுக் கோடு பிடிக்கும் என்ற விருப்பம் மாறவில்லை. பார்ப்பதற்கான மூளைப்பகுதிக்குக் கால்கள் என்ன செய்கின்றன என்பதில் அவ்வளவு அக்கறை. விழித்திருக்கும் விலங்கு நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அது மீசையை அசைக்கிறது, நிமிர்கிறது, சலித்துக்கொள்கிறது, கண்மணியை விரிக்கிறது. இவையெல்லாம் மூளை முழுக்கப் பதிவாகின்றன என்று 2019இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. முன்பு ‘காரணமில்லாத ஏற்ற இறக்கம்’ என்று நாங்கள் ஒதுக்கித் தள்ளியதில் கணிசமான பகுதி, விலங்கு முகத்தைச் சுளித்ததுதான்.

அடுத்தது, ஏன் ஒரே நேரத்தில் பல நியூரான்கள்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மூளைக்குப் பொருந்தாது. அடுத்தடுத்து ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு நியூரான்கள் முற்றிலும் வேறு வேறு காரியத்தில் இருக்கக்கூடும். அதைவிட மோசமான சிக்கல், ஒற்றை எலெக்ட்ரோடு காலத்தில் எந்தச் சோற்றை எடுத்தோம் என்பது. சத்தம் வரும்வரை இறக்குவோம். சத்தம் போடுகிறவன்தான் அகப்படுவான். நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கும் செல்லைத் தாண்டி எத்தனை முறை போயிருப்பேன், கணக்கே இல்லை. அப்படித் தேடிச் சேர்த்த நூறு செல்களை வைத்து ‘இந்தப் பகுதி இப்படி நடந்துகொள்கிறது’ என்று எழுதிய கட்டுரைகளில் என் பெயரும் இருக்கிறது.

நான் பல நியூரான் உலகத்துக்குள் நுழைந்தது டெட்ரோடு வழியாக. நான்கு மெல்லிய கம்பிகளை முறுக்கிச் சேர்த்த ஒரே இழை. ஒரு கம்பி மட்டும் இருந்தால், அதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு செல்கள் ஒரே மாதிரித் தோன்றும். ஒரு காதை மூடிக்கொண்டு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பது போல. நான்கு கம்பிகள் இருந்தால், முதல் செல் ஒன்றாம் கம்பியில் பெரிதாகவும் மூன்றில் சிறிதாகவும் விழும். இரண்டாவது செல் வேறு விகிதத்தில் விழும். அந்த விகிதம்தான் அடையாளம். 1983இல் இரட்டைக் கம்பியாகத் தொடங்கி, பத்தாண்டில் நான்காக வளர்ந்த யோசனை. 1993இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் இதைக்கொண்டு எலியின் ஹிப்போகேம்பஸில் நூறு அளவிலான செல்களை ஒரே நேரத்தில் பதிந்தார்கள். மறு ஆண்டு, எலி விழித்திருந்தபோது சேர்ந்து துடித்த செல்கள் பிறகு தூக்கத்திலும் சேர்ந்து துடிப்பதைக் காட்டினார்கள். ஒவ்வொரு செல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த விஷயம் எந்தக் காலத்திலும் தெரியவந்திருக்காது. யார் யாரோடு சேர்ந்து என்பதுதானே இங்கே கேள்வி.

டெட்ரோடு செய்வது கைவேலை. 12 மைக்ரான் சொச்சம் தடிமன் உள்ள நிக்ரோம் கம்பியை இருமுறை மடித்து நான்கு இழையாக்கி, கிடைமட்டக் கம்பியொன்றில் தொங்கவிட்டு, கீழ்முனையில் ஒரு கிளிப்பை மாட்டி, காந்தக் கலக்கியின் மேல் சுழலவிட வேண்டும். எண்பது சுற்று ஒருபுறம், இருபது சுற்று மறுபுறம் என்று அவரவருக்கு ஒரு கணக்கு உண்டு. அதை மந்திரம்போலக் காப்பாற்றுவார்கள். பிறகு வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் மேலிருந்து கீழாகத் தடவினால் மேற்பூச்சு இளகி நான்கும் ஒட்டிக்கொள்ளும். அதிகமாகக் காட்டினால் பூச்சு உருகி உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். குறைவாகக் காட்டினால் மூளைக்குள் போகும்போது இழை பிரியும். தும்மினால் அரை நாள் வேலை பறந்துபோகும், நிஜமாகவே. நுனியை வெட்டிய பின் தங்க முலாம். இரண்டு மூன்று மெகாஓம் இருக்கும் மின்தடையைச் சில நூறு கிலோஓமுக்குக் கொண்டுவரும் வரை, நான்கு நுனிகளுக்கும் தனித்தனியாக.

இவற்றை மைக்ரோடிரைவ் என்ற சிறு பொறியில் கோத்து எலியின் தலையில் பொருத்துவோம். ஒவ்வொரு டெட்ரோடுக்கும் ஒரு திருகாணி. எங்களுடையதில் ஒரு முழுச் சுற்றுக்கு 318 மைக்ரான் இறங்கும். கால் சுற்று, அதாவது 80 மைக்ரான் சுற்றிவிட்டு, மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். மூளைத் திசு இழுபட்டுப் பின்வாங்கி அடங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு இன்னொரு கால் சுற்று கொடுத்தவர்கள் மறுநாள் காலையில் தாண்டிப் போயிருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொள்வார்கள். ஹிப்போகேம்பஸ் நெருங்கும்போது, அமைதியாக உட்கார்ந்திருக்கும் எலியின் பதிவில் விநாடிக்கு 200 தடவை அளவில் நடுங்கும் சிற்றலைகள் தலைகாட்டும். அதைப் பார்த்ததும் திருகாணியை எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்புவேன். இரண்டு மூன்று வாரங்கள் இப்படியே போகும். இந்த நாட்களை நான் இன்றும் விரும்பி நினைத்துக்கொள்கிறேன். வேலையில் பாதி, எலியோடு பழகுவதுதான். பதற்றமான எலியிடமிருந்து யாரும் நல்ல பதிவு எடுத்ததில்லை.

இதற்கிடையில் வேறொரு பாதையும் வளர்ந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய சிலிக்கான் ஊசிப்பலகை: 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 100 ஊசிகள், ஒன்றுக்கொன்று 400 மைக்ரான் இடைவெளி. குரங்குகளிலும், கைகால் செயலிழந்த மனிதர்களிலும் இயக்கக் கார்டெக்ஸில் பதிக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஊசிகள் அவ்வளவு தள்ளி நிற்பதால் ஒரு செல்லை ஓர் ஊசி மட்டுமே கேட்கும். டெட்ரோடுக்கு உள்ள அந்த விகித வித்தை இதில் கிடையாது. அது செய்யும் நன்மைகளை நான் மதிக்கிறேன், ஆனால் என் கை அதில் பழகியதில்லை.

பிறகு 2017 வந்தது. நியூரோபிக்சல்ஸ். பெல்ஜியத்தின் லூவனில் உள்ள ஐமெக் நிறுவனம், கணினிச் சில்லு தயாரிக்கும் அதே முறையில் செய்து கொடுத்த ஊசி. 10 மில்லிமீட்டர் நீளம், 70 மைக்ரான் அகலம், தடிமன் சுமார் 20 மைக்ரான். அதன் உடம்பில் 960 பதிவுப் புள்ளிகள். ஒரே நேரத்தில் 384ஐத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக மாற்றும் வேலை ஊசியின் அடிப்பாகத்திலேயே முடிந்துவிடுவதால், நூற்றுக்கணக்கான கம்பிகள் வெளியே தொங்குவதில்லை. முதல்முறை கையில் வாங்கியபோது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் தெரிந்தது. கொஞ்சம் திருப்பியதும் காணாமல் போனது. அதை வைத்து ஒரு சுண்டெலியின் கார்டெக்ஸ், அதன் கீழே ஹிப்போகேம்பஸ், அதற்கும் கீழே தாலமஸ் என்று மூன்று மாடிகளையும் ஒரே குத்தில் கேட்டுவிட முடிகிறது. டெட்ரோடு செய்து கழித்த என் வாரங்கள் ஒரே பிற்பகலில் பழைய கதை ஆகிவிட்டன. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

சுண்டெலியை இதற்குத் தயார்ப்படுத்துவது தனிக் கலை. முழு மயக்கத்தில், வலி மருந்து கொடுத்து, மண்டையோட்டின் மேல் சிறிய உலோகத் தகடு ஒன்றைப் பல் சிமெண்டால் ஒட்டுகிறோம். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது; தோலுக்கும் மூளையின் மேலுறைக்கும் நன்றாகத் தெரியும். தேறியபின், தகட்டைச் சட்டத்தில் பொருத்திச் சக்கரத்தின் மேல் நிற்கப் பழக்குவோம். முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து. ஒரு வாரத்துக்குப் பின் சக்கரத்தில் அதுவாகவே ஓடும், நிற்கும், முகம் துடைக்கும். பதிவு நாளில், ஏற்கெனவே போட்டு மூடிவைத்த ஒரு மில்லிமீட்டர் துளையைத் திறந்து, ஊசியை விநாடிக்குச் சில மைக்ரான் வேகத்தில் இறக்குகிறோம். நுனி மூளையைத் தொடும் கணத்தில் மேற்பரப்பு மிக லேசாகக் குழியும். பிறகு சட்டென்று வழிவிடும். உருப்பெருக்கியில் அந்த ஒரு கணத்தைப் பார்க்கும்போது இன்றைக்கும் என் தோள்கள் இறுகும். இறக்கி முடித்து இருபது நிமிடம் யாரும் எதையும் தொடக் கூடாது.

என் அவமானக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். டெட்ரோடு நாட்களில் நடந்தது. எலி, ஓடுபாதையின் முனையில் உலோகக் குழாயிலிருந்து இனிப்பு நீரை நக்கிக் குடிக்கும். ஒரு டெட்ரோடில் அருமையான ‘நியூரான்’ அகப்பட்டது. பரிசு கிடைக்கும் நேரத்தில் மட்டும் துடிக்கும். வேறெங்கும் ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. விநாடிக்கு ஆறேழு துடிப்பு, கடிகாரம் வைத்தாற்போல. மூன்று வாரம் அதன் பின்னால் அலைந்தேன். படங்கள் வரைந்தேன். அதற்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆய்வகக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சிறுமூளைக்கு மேலே எலும்பில் பதிவுக்காக ஒரு திருகாணி போட்டிருக்கிறீர்களே, அந்தத் தடத்தையும் ஒரு தடவை காட்டுங்கள்" என்றார்.

காட்டினேன். அதிலும் அதே துடிப்பு, அதே வடிவம், அதே நேரம். எலும்பில் நியூரான் ஏது? எலியின் நாக்கு உலோகக் குழாயைத் தொடும் ஒவ்வொரு முறையும் மின்சுற்று ஒன்று மூடித் திறந்திருக்கிறது. எலிகள் விநாடிக்கு ஆறேழு முறைதான் நக்கும். உண்மையான ஸ்பைக் ஒரு புள்ளியில் பெரிதாக இருந்து, தள்ளிப் போகப் போகச் சிறுக்கும். இதுவோ எல்லாத் தடங்களிலும் ஒரே உயரத்தில் நின்றது. அதைப் பார்த்திருக்க வேண்டிய நான், நல்ல தடங்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அன்று மாலையே குழாயின் நுனியைப் பிளாஸ்டிக்காக மாற்றினோம். என் நியூரான் இறந்துபோனது.

விழித்திருக்கும் விலங்கில் இதுதான் தலைவலி. அது நக்கும்போது, மெல்லும்போது, மூக்கை உறிஞ்சும்போது தசை மின்சாரம் வந்து கலக்கிறது. நாம் கேட்கும் கேள்விகளோ பெரும்பாலும் விலங்கு அப்படி நக்குவதையும் அசைவதையும் பற்றியவை. இரைச்சலும் விடையும் ஒரே நேரத்தில், ஒரே கதவு வழியாக உள்ளே நுழைகின்றன.

இனி, பிரித்தெடுத்தல். இந்தத் துறையின் இதயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. நியூரோபிக்சல்ஸ் ஒவ்வொரு தடத்தையும் விநாடிக்கு 30,000 முறை அளக்கிறது. 384 தடங்களுக்கு மணிக்கு ஏறக்குறைய 83 ஜிகாபைட். இதில் எங்கேயும் ‘நியூரான்’ என்று எழுதியிருக்காது. இருப்பது ஏறி இறங்கும் மின்னழுத்தம் மட்டும். ஸ்பைக்குகளைக் கண்டுபிடித்து, வடிவத்தாலும் இடத்தாலும் ஒத்தவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரு செல் என்று அறிவிக்க வேண்டும். டெட்ரோடு காலத்தில் இதைக் கண்ணால் செய்தோம்: திரையில் புள்ளி மேகங்கள், சுட்டியால் ஒவ்வொரு மேகத்தையும் சுற்றி வேலி. ஒரே தரவை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விதமான வேலிகள் வரும். இப்போது கிலோசார்ட் போன்ற மென்பொருள்கள் முதல் சுற்றை முடித்துக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் முடிவில் ஒரு மனிதர் திரைமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலில் ஓய்விடைவெளி. ஒரு நியூரான் துடித்தபின் ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்கு மறுபடி துடிக்க முடியாது. ஆகவே ஒரு செல்லின் ஸ்பைக்குகளுக்கு இடையிலான கால இடைவெளிகளை வரைபடமாக்கினால் நடுவில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். பள்ளம் தூர்ந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எப்போதாவது துடிக்கும் செல்லுக்குப் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே போதிய ஸ்பைக்குகள் இருக்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒருவரையே இருவராக எண்ணுவது. ஹிப்போகேம்பஸின் பிரமிடு செல்களுக்கு ஒரு குணம். சில மில்லிசெகண்டு இடைவெளியில் மூன்று நான்கு முறை தொடர்ந்து துடிக்கும், அடுத்தடுத்த ஸ்பைக் முந்தையதைவிடக் குட்டையாக இருக்கும். மென்பொருளின் கண்ணுக்கு உயரமானது ஒரு செல், குட்டையானது வேறொரு செல். இரண்டுக்கும் எண் கொடுத்துவிடும். அப்புறம், ‘முதல் செல் துடித்த ஐந்தாவது மில்லிசெகண்டில் இரண்டாவது செல் துடிக்கிறது, ஆகவே இவற்றுக்கிடையே இணைப்பு இருக்கிறது’ என்று ஓர் அழகான கண்டுபிடிப்பும் பிறந்துவிடும். ஒருவன் தன்னோடு தானே பேசிக்கொண்டதை உரையாடல் என்று எழுதிவைப்பது.

எல்லாவற்றையும்விடக் கொடியது நகர்வு. சுண்டெலியின் தலை சட்டத்தில் நிற்கிறதே தவிர, மண்டைக்குள் மூளை மிதக்கிறது. அது ஓடினால், முதுகை வளைத்தால், ஊசியைப் பொறுத்து மூளை மேலும் கீழும் பல மைக்ரான்கள் நகர்கிறது. ஒரு புள்ளிக்கு எதிரே இருந்த செல் இப்போது அடுத்த புள்ளிக்கு எதிரே. வடிவம் மாறுகிறது, உயரம் மாறுகிறது, கூட்டமும் மாறிவிடுகிறது. 2021இல் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் 2.0இல் பதிவுப் புள்ளிகளை நேர்வரிசையில் இன்னும் நெருக்கமாக வைத்ததற்கு ஒரு காரணம் இதுதான். அசையும் ஒளிப்படத்தை நிலைப்படுத்துவதுபோல, நகர்வை மதிப்பிட்டுத் தரவைப் பின்னால் இழுத்துச் சரிசெய்ய முடிகிறது. மெதுவான நகர்வுக்கு நன்றாக உதவுகிறது. சுண்டெலி திடீரென்று துள்ளினால் உதவுவதில்லை.

மின்சாரமே வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம் என்பவர்கள் தனிக் கட்சி. நானும் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். நியூரான் துடிக்கும்போது உள்ளே கால்சியம் ஏறும். ஒளிரும் ஜெல்லிமீன் புரதத்தைத் திருத்தியமைத்து, கால்சியம் ஏறினால் பளிச்சிடும்படி செய்த ஜிகேம்ப் என்ற புரதத்தை நியூரான்களுக்குள் மரபணு வழியாக ஏற்றிவிட்டால், துடிப்பை ஒளியாகப் பார்க்கலாம். இதற்கு இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி. இரண்டு ஃபோட்டான்களை ஒரே கணத்தில் விழுங்கும் மூலக்கூறுகளைப் பற்றி மரியா கெப்பர்ட் மேயர் 1931லேயே கணக்குப் போட்டு வைத்தார். 1990இல் வின்ஃப்ரைட் டென்க் குழுவினர் அதை நுண்ணோக்கி ஆக்கினார்கள். அகச்சிவப்பு லேசர் திசுவுக்குள் சில நூறு மைக்ரான் ஆழம் வரை அதிகம் சிதறாமல் போய், குவியும் இடத்தில் மட்டும் ஒளியைக் கிளப்பும்.

முதல் முறை திரையில் நூற்றுக்கணக்கான செல்கள் மினுக்கியபோது நான் மின்முனைகளை மறந்தே போனேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது. துடிக்காமல் இருப்பவரும் தெரிகிறார். அதே செல்லை மறுநாளும் அடுத்த வாரமும் தேடிப்பிடிக்கலாம். எலெக்ட்ரோடுக்கு இது பெரும்பாடு. வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடிபோல இருப்பதால், சுமார் ஒரு லட்சம் நியூரான்கள் உள்ள அதன் மூளையில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை ஒற்றைச் செல் துல்லியத்தில் 2013இல் படம்பிடித்துவிட்டார்கள். சுண்டெலியில் 2021இல் வந்த ஒரு முறை 10 லட்சம் நியூரான்கள் வரை எட்டியது. எண்ணிக்கைப் பந்தயம் என்றால் ஒளியை யாரும் முந்த முடியாது.

ஆனால் ஜிகேம்ப் ஆற அமர மின்னும். ஒரு மில்லிசெகண்டு துடிப்பு, சில நூறு மில்லிசெகண்டு நீளும் மங்கலான ஒளியாக மாறிவிடுகிறது. பத்து லட்சம் செல்களைப் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் விநாடிக்கு இரண்டு முறைதான் எட்டிப் பார்க்கிறார். யார் முதலில் துடித்தார், யார் அடுத்து என்ற கேள்வி அந்த இடைவெளிக்குள் மூழ்கிப்போகும். அடையாளச் சிக்கலும் தீர்ந்துவிடுவதில்லை. உடை மாற்றிக்கொண்டு வருகிறது. ஒரு செல்லைச் சுற்றியிருக்கும் மற்ற செல்களின் இழைகளும் ஒளிர்வதால், அண்டை வீட்டு வெளிச்சம் இந்த வீட்டுக் கணக்கில் விழும். எவ்வளவு கழிப்பது என்பது மறுபடியும் யாரோ ஒருவர் தீர்மானிக்கும் எண். நான் ஊசிக்கே திரும்பிவிட்டேன். காரணம் அறிவியல் மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கு டப் டப் வேண்டியிருந்தது.

எண்ணிக்கையைப் பற்றிய என் மனக்குறைக்கு மிக நேர்மையான பதிலை ஒரு பெரிய கூட்டு ஆய்வில் பார்த்தேன். இன்டர்நேஷனல் பிரெயின் லேபரட்டரி என்ற கூட்டமைப்பு, 12 ஆய்வகங்களில், 139 சுண்டெலிகள், 699 ஊசிப் பதிவுகள் என்று மூளை முழுவதையும் சல்லடை போட்டது. எல்லாச் சுண்டெலிகளும் ஒரே பணியைச் செய்தன. 2025இல் முடிவுகள் வெளிவந்தபோது, கிடைத்த கூட்டங்கள் 6,21,733 என்று எழுதினார்கள். அதே இடத்தில், நன்றாகத் தனிமைப்பட்டவை என்று தங்கள் அளவுகோலில் தேறியவை 75,708 என்றும் எழுதினார்கள். எட்டில் ஒரு பங்கு. கருத்தரங்கில் சொல்வதாக இருந்தால் இந்த இரண்டில் எந்த எண்ணைச் சொல்வது?

போன வாரப் பதிவைப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறேன். 214ஆம் எண். கார்டெக்ஸின் ஐந்தாம் அடுக்கு. வடிவம் அழகு, நடுப்பள்ளம் ஏறக்குறைய சுத்தம். முப்பத்தெட்டாம் நிமிடத்தில் சுண்டெலி சக்கரத்தில் ஒரு துள்ளுத் துள்ளியிருக்கிறது; காணொளியில் தெரிகிறது. அங்கிருந்து 214 உயரம் குறைந்துகொண்டே போய், நாற்பத்தைந்தில் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. அதே நேரத்தில் 40 மைக்ரான் கீழே, 391 என்று ஒருவர் தலைதூக்குகிறார். வடிவம் ஒத்துப்போகிறது. இரண்டும் ஒருவரேதானா? இருவரின் ஸ்பைக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருவர் துடித்த இரண்டு மில்லிசெகண்டுக்குள் மற்றவர் துடித்ததே இல்லை. ஒரே செல் என்பதற்குச் சாட்சி என்று கை பரபரத்தது. ஆனால் ஒருவர் போனபிறகுதான் மற்றவர் வருகிறார் என்றால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும். இருவரும் சேர்ந்திருந்த ஏழு நிமிடத்தை மட்டும் எடுத்தால் மொத்தம் முப்பதுக்கும் குறைவான ஸ்பைக்குகள்.

சேர்த்தேன். அரை மணி நேரம் கழித்துப் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நானாக இருந்தால் சேர்ப்பேன். ஆனால் நேற்று கேட்டிருந்தால் சேர்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டையும் தனித்தனியாகவே விட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘சந்தேகம்’ என்று தட்டிவிட்டு, 215ஐத் திறந்தேன்.